கெடாமல் இருக்க ஒரு சொட்டு

இதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். பேனாவை எடுப்பேன், அடுப்பில் ஏதாவது அடிப்பிடிக்கும், அதையே சாக்காக வைத்து எழுந்து போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இந்தச் சங்கதியை யாரிடம் சொன்னாலும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மீதி என் கையிலேயே நின்றுவிடுகிறது. அப்படிப் போன பாதி ஒரு பெண்ணை என்ன செய்தது என்று நேரில் பார்த்தவள் நான். அதனால் வாயைத் திறக்கவே பயம்.

போன வாரம் அந்தப் பயத்தையும் தாண்டி ஒன்று நடந்துவிட்டது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்றைக்குக் கறி கிடையாது, மீன்தான். மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே கூடை வைத்திருக்கும் செல்வியிடம் போய் உட்கார்ந்தேன். நான் மீன் வாங்குகிற விதம் அந்தப் பக்கம் பிரசித்தம். செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், வயிற்றை அழுத்துவேன், பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். "யக்கா, மீன வாங்க வந்தியா, முத்தம் குடுக்க வந்தியா?" என்று செல்வி எப்போதும் கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

அப்போது உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து இரண்டு இளவட்டங்கள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்கள். செல்வியின் சங்கரா மீன் ஒன்றை எடுத்து, மேலே ஒரு காகிதப் பட்டையைத் தேய்த்து, அதன்மேல் ஏதோ திரவத்தைச் சொட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சார், வலயிலருந்து நேரா இங்க வந்த மீனு. நடுவுல ஐஸ தவிர ஒண்ணும் தொடல" என்றாள். பட்டையின் நிறம் மாறவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, நல்ல மீன்" என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கூடைக்குப் போனார்கள். நான் அந்த மீனையே வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்தேன்.

சாப்பிட உட்காரும்போது மருமகள் போனை நீட்டினாள். செல்வியின் கூடை. மீன்மேல் சொட்டு விடுகிறார்கள். அதோடு படம் நின்றுவிட்டது. நிறம் மாறாததும் இல்லை, நல்ல மீன் என்று சொன்னதும் இல்லை. கீழே ஒரு வரி: பிண மருந்து கலந்த மீன், எல்லாருக்கும் அனுப்புங்கள். படத்தின் ஓரத்தில் என் முழங்கையும் மீன் பையும் தெரிந்தன.

"அத்தை, இந்த மீனத்தான நீங்க வாங்கினு வந்தீங்க?" என்றாள். தட்டை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

பிண மருந்து. அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குக் குழம்பின் வாசனை போய், காய்ச்சாத எருமைப் பாலின் வாசனை வந்துவிட்டது. எங்கள் சந்தின் பழைய காலை நேரத்து வாசனை அது.

நான் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில் பாக்கெட் பால் வாங்குகிறவர்கள் எங்கள் சந்தில் குறைவு. தேவகி அக்காதான் பால் ஊற்றுவாள். ரயில் பாதை ஓரமாக ஒரு கொட்டகையில் எருமைகளைக் கட்டியிருந்தாள். புருஷன் இல்லை. தானே கறந்து, தானே தூக்கி வருவாள். தளும்பாமல் இருக்கக் குடத்துக்குள் வைக்கோலைப் பிரி மாதிரி முறுக்கிப் போட்டிருப்பாள். சந்து முனையில் "பாலேய்" என்று ஒரு குரல். அந்த "ஏய்" தண்டையார்பேட்டை வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

நான் அப்போதே சந்தேகப் பிராணிதான். அம்மா வீட்டிலிருந்தே வந்த குணம். மிளகாய்த்தூள் வாங்கினால் தண்ணீரில் தூவி, செங்கல் தூள் அடியில் இறங்குகிறதா என்று பார்ப்பேன். மிளகைத் தண்ணீரில் போட்டு, பப்பாளி விதை மிதக்கிறதா என்று பார்ப்பேன். டீத்தூளை ஈரக் காகிதத்தில் வைத்துச் சாயம் பரவுகிறதா என்று பார்ப்பேன். "இந்த வூட்ல சமையல் நடக்குதா, கெமிஸ்ட்ரி கிளாஸ் நடக்குதா?" என்பார் அவர். பாலுக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுச் சாய்க்க வேண்டும். நல்ல பால் நிற்கும், தண்ணீர்ப் பால் ஓடும். தினமும் தேவகி அக்கா முன்னாலேயே செய்வேன். "நவத்துல நிக்கிதா, ஓடுதா? ஓடிச்சின்னா நீயும் பின்னாலயே ஓடு தங்கச்சி, புடிச்சிடலாம்" என்பாள். கோபித்துக்கொண்டதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் சந்துப் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி கண்டது. என் இரண்டாவது மகளுக்கு ரொம்பவும் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். நான் கட்டில் அருகே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டே இருந்தேன். மாதா என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குத் தூக்கி வந்த அன்று எதிர்வீட்டு பிலோமி வாசலிலேயே சொன்னாள்: "எல்லாம் அந்த எருமக்காரி வேலதான். பாலுல இன்னாவோ கலக்கறா." யாரோ மனு எழுதிப் போட்டிருந்தார்கள். யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. எல்லார் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒருநாள் காலையில், தேவகி அக்கா குடத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போதே உணவு ஆய்வாளர் வந்துவிட்டார். ஒல்லியான மனுஷர், தோளில் பை, கூட ஒரு பியூன். பாலைச் சாம்பிள் எடுக்கப்போவதாகச் சொன்னார். பிறகு சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். யாராவது வாங்க."

அத்தனை நாளும் கத்திக்கொண்டிருந்த சந்து அந்த ஒரு வார்த்தையில் காலியாகிவிட்டது. கதவுகள் சாத்தப்படுகிற சத்தம் மட்டும். கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள் என்று பயம். பிலோமியும் திரும்பினாள். "அடுப்புல பாலு வெச்சிருக்கேன், பொங்கிடும்."

"எம் பாலு இன்னும் கொடத்துலயே கீது. உன் அடுப்புல எந்தப் பாலுடி பொங்குது?" என்றாள் தேவகி அக்கா.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாதா கோயிலில் புதன்கிழமை ஜெபக் கூட்டம் உண்டு. அதில் கடைசியாக, கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வார்கள். அதற்குப் பெயர் சாட்சி. வெட்கத்தில் நான் ஒருநாள்கூட எழுந்து நின்றதில்லை. மகள் பிழைத்து வந்ததற்காகவாவது அந்த வாரம் சாட்சி சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஓர் அதிகாரி தெருவில் நின்று சாட்சி சாட்சி என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? கால் தானாக நடந்துவிட்டது. "நான் வரேங்க" என்றேன்.

இன்னொரு சாட்சி முனையில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மாட்டுக்காரம்மா இந்து, இவங்க கிறிஸ்டீன், நான் முஸ்லிம். இன்னா சார், கூட்டுப் பிரார்த்தனயா பண்ணப் போறோம்?" என்றார். ஆய்வாளரே சிரித்துவிட்டார்.

அவர் பாலை நன்றாகக் கலக்கி, அளந்து எடுத்து, அதற்கு விலையும் கொடுத்தார். சட்டம் அப்படியாம். மூன்று பாட்டிலில் ஊற்றினார். பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலைத் திறந்து, மூன்றிலும் சில சொட்டு விட்டார்.

அந்த வாசனை.

என் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். வேலையிலேயே போய்விட்டார். அண்ணன் அப்போது கப்பலில் இருந்தான். அவன் வந்து முகம் பார்க்கும்வரை அப்பாவை வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஏற்றினார்கள். கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். "இது இன்னாத்துக்குண்ணா?" என்று அங்கிருந்த ஊழியரைக் கேட்டேன். "கெடாம இருக்கத்தாம்மா" என்றார். அப்பாவின் நெற்றியில் கடைசியாக முத்தமிட்டபோது சுருட்டு வாசனை இல்லை, வியர்வை வாசனை இல்லை, அந்த மருந்து மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்துதான் எதையும் நான் மோந்து பார்க்கிறேனோ என்னவோ.

ஆய்வாளரின் கையில் அதே வாசனை வந்ததும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. "ஐயா, இது செத்தவங்களுக்குப் போடுற மருந்தாச்சே!"

"ஆமாம்மா. பரிசோதனைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பால் கெடாம இருக்கத்தான். எல்லா பால் சாம்பிளுக்கும் போடுவோம்" என்றார். நூல் கட்டி, அரக்கை உருக்கி, முத்திரை வைத்தார். அரக்கு எரிகிற வாசனையில் மருந்து வாசனை அமுங்கிப்போயிற்று. நானும் பாயும் கையெழுத்துப் போட்டோம்.

என் குரல் உயர்ந்தது. அவர் பதில் சாதாரணமாக இருந்தது. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மத்தியானத்துக்குள் பிலோமி வந்துவிட்டாள். "இன்னாடி, அவ பாலுல பொணத்துக்குப் போடற மருந்து கலந்துகீறாளாமே? கையெழுத்துப் போட்டுட்டு எங்கிட்ட மூச்சு வுடல?"

"இன்ஸ்பெக்டருதான்டி ஊத்துனாரு. கெடாம இருக்க."

"கவர்மெண்டு ஆளு எதுக்குடி பாலுல பொண மருந்து ஊத்தப் போறாரு? அவ ஊத்துனது நாத்தம் அடிச்சிருக்கு, நீ மாத்திச் சொல்ற. அதுவும் அவரு அவளுக்குக் காசு குடுத்தாராமே. இன்ஸ்பெக்டரு காசு குடுத்து எங்கனா பாத்துகீறியா? இதுல இன்னாவோ கீது."

அந்த "இன்னாவோ கீது" என்பதற்கு மருந்தே கிடையாது. மறுநாள் "பாலேய்" என்ற குரல் வந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. என் கதவு மட்டும்தான். எருமைப் பால் முழுக்க காதர் பாய் கடைக்குப் போயிற்று. அவர் கண்ணால் பார்த்தவர் அல்லவா? ஆனால் கடைக்கு வருகிற லோடுமேன்கள் விடவில்லை. "பாய், ஸ்ட்ராங்கா ஒரு பொணத்தண்ணி" என்று கேலி. கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு பாக்கெட்டுக்கு மாறிவிட்டார். "தேவகி, எம்மேல பேஜார் ஆவாத. நான் பாத்தேன்னா குடிக்கறவன் பாத்தானா?" என்றார். தேவகி அக்கா வைக்கோல் பிரியை எடுத்து உதறிவிட்டுப் போனாள்.

நான் தொடர்ந்து வாங்கினேன். அதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பாலில் மருந்து எதுவும் இல்லை என்று உலகத்தில் யாரைவிடவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோவேன். மோந்து பார்த்தால் பால் வாசனைதான். காய்ச்சி வாயில் வைத்தால் எங்கிருந்தோ அந்தக் கரிப்பு வரும். சந்தேகம் நாக்கிலேயே குடிவந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. ஆய்வுக்கூட அறிக்கையில் தண்ணீர் கலந்த பால் என்று வந்திருந்தது. எருமைப் பாலின் கெட்டியில் என் நகத்துக்குப் பிடிபடாத தண்ணீர். அது மட்டும்தான். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சாட்சி என்றதும் எனக்கு ஜெபக் கூட்டத்தில் கேட்டுப் பழகியதுதானே தெரியும். கையைக் கூப்பி, "இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!" என்று ஆரம்பித்துவிட்டேன். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. "பார்த்ததை மட்டும் சொல்லுங்கம்மா, போதும்" என்றார். கலக்கியதை, ஊற்றியதை, சொட்டு விட்டதை, நான் கேட்டதை, அவர் சொன்ன பதிலை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் அப்படியே எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான்.

தேவகி அக்கா குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாள். வெளியே வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி ஊத்துனேன் தங்கச்சி. இல்லன்னு சொல்லல. தீவனம் விக்கிற வெலயில ஊத்தாம முடியல. அதுக்கு இன்னா தண்டன குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா நாலு புள்ளங்களுக்கு வெசம் வெச்சவன்னு பேரு வாங்கிகினு என்னால நடக்க முடியல. உள்ள சொன்னியே, அத்த நம்ம சந்துல வந்து சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அந்தப் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில், முதல் தடவையாக எழுந்து நின்றேன். மகளுக்குக் கண்டதிலிருந்து ஆரம்பித்து, பாட்டில், சொட்டு, அப்பா, கோர்ட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். தேவகி அக்கா பாலில் கலந்தது தண்ணீர் மட்டும், மருந்து சர்க்கார் போட்டது, அதுவும் கெடாமல் இருக்க என்று இரண்டு தடவை சொன்னேன். அத்தனை பேரும் ஆமென் என்றார்கள். சிலர் அழுதார்கள். மாதாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பாரத்தை இறக்கிவிட்டேன் என்று தோன்றியது.

செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பிலோமி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் நீர். நிஜமான நீர், நடிப்பு இல்லை. "எம்மாம் பெரிய ஆபத்துலருந்து மாதா நம்ம புள்ளங்கள காப்பாத்திக்கீறா பாத்தியாடி! பொண மருந்தையே குடிச்சும் ஒரு உசுரு போவல! அற்புதம்டி, அற்புதம்!"

அடுத்த புதன்கிழமை அவளே எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

கோயிலிலேயே ஏறிவிட்ட கதையை அதற்குமேல் யார் இறக்குவது? தேவகி அக்கா எருமைகளை ஒவ்வொன்றாக விற்றாள். புழல் பக்கம் தங்கை வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டு என் வாசலுக்கு மட்டும் வந்தாள். காலிக் குடம் இடுப்பில் இருந்தது. "கடசி வரைக்கும் நீ ஒருத்திதான் வாங்குன தங்கச்சி" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுடைய பழைய சிரிப்போடு சொன்னாள்: "ஆனா நீயும் மோந்து மோந்துதான் வாங்குன."

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அவள் போன அடுத்த மழையிலும் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி வந்தது. பிறகு யாரோ வந்து, சாக்கடைக்குப் பக்கத்தில் இருந்த கைப்பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் பிள்ளைகளுக்கு அது வரவில்லை. அவள் பாலில் ஊற்றிய தண்ணீரும் அந்தப் பம்புத் தண்ணீர்தானா என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

வீடியோ வந்த மறுநாள் துறைமுகத்துக்குப் போனேன். சுற்றிலும் கூடைகள் காலியாகிக்கொண்டிருந்தன. செல்வி கூடையில் மட்டும் மீன் அப்படியே இருந்தது. மேலே வைத்த ஐஸ் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. "யக்கா, நீயாவது நம்பறியா?" என்றாள். நான் ஒரு மீனை எடுத்தேன். கை பழக்கத்தில் மூக்குப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நிறுத்தினேன். செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். மோந்து பார்க்காமல் பையில் போட்டேன். இத்தனை வயதில் இதுதான் முதல் தடவை. பிறகு அவள் பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் நேற்று நான் இங்கே இருந்தேன், நிறம் மாறவில்லை, நல்ல மீன் என்று சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் நின்றார்கள். ஒருவர் என்னையும் போனில் படம் எடுத்தார். அதில் எந்தப் பாதி போகுமோ தெரியவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எருமைக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. காதர் பாய் கடையில் செல்போன் ரிப்பேர் நடக்கிறது. பிலோமி கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டாள். கடைசிவரை அந்த அற்புதத்தை நம்பினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அரக்கு முத்திரை வாசனை எங்கேயும் வருவதில்லை. "பாலேய்" என்ற அந்தக் குரலை எனக்குத் தெரிந்த யாராலும் போட்டுக்காட்ட முடியவில்லை. நானும் முயன்றேன். பேரப்பிள்ளைகள் சிரித்ததுதான் மிச்சம். காலையில் வாசலில் பாக்கெட் வந்து விழுகிறது. யார் போடுகிறார்கள் என்று முகம்கூடத் தெரியாது. சந்தேகப்படக்கூட ஆள் இல்லை.

படித்துவிட்டு நீங்கள் இதை நாலு பேரிடம் சொல்லத்தான் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். தேவகி அக்கா பாலில் தண்ணீர் ஊற்றினாள் என்பதையும் விட்டுவிடாதீர்கள், அது நடந்தது. ஆனால் சொல்வதானால் கடைசிச் சொட்டு வரைக்கும் சொல்லுங்கள், இல்லையென்றால் இதை என்னோடு விட்டுவிடுங்கள். இதில் தண்ணீரும் சேர்க்க வேண்டாம், கெடாமல் இருக்க மருந்தும் சேர்க்க வேண்டாம். கறந்தபடியே கொண்டுபோய்க் கொடுங்கள்.